நங்கூரம் வைத்த சுரூபம்

பீரோவின் உள்ளறையிலிருந்து நீல வெல்வெட் பெட்டியை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய், வெள்ளைத் துண்டை விரித்து, செல்போன் கேமராவைத் துடைத்து வைத்துவிட்டு மூடியைத் திறந்தார் அமிர்தசாமி. உள்ளே ஒன்றுமில்லை. மெடல் படுத்திருந்த பள்ளம் மட்டும் இருந்தது. பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினார். துண்டை உதறினார். கைலி மடிப்பைக்கூட அவிழ்த்துப் பார்த்தார். அதற்குள் எப்படிப் போயிருக்கும் என்று அவருக்கே தெரியாது. காலை வெயில் சரியான சாய்வில் விழுந்துகொண்டிருந்தது. இந்த வெயிலுக்காகத்தான் மூட்டம் எப்போது விலகும் என்று அவர் நாள்கணக்காகக் காத்திருந்தார். உலகத்தில் எங்கெங்கோ உட்கார்ந்துகொண்டு பழைய பதக்கம் சேர்க்கிறவர்களின் குழு ஒன்றில் அவரும் இருந்தார். பின்பக்கத்து எண்ணைப் படமெடுத்துப் போடு, அசலா போலியா என்று பார்க்கலாம் என்று ஆளாளுக்கு அங்கே நச்சரித்துக்கொண்டிருந்தார்கள்.

“மேரி! ஏய் சாந்தி மேரி! மேல வாடி!”

அவருடைய மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு படியேறி வந்தாள். “என்னாத்துக்கு இப்படிக் கத்துறீங்க? பக்கத்து வூட்டுல என்னமோ ஏதோன்னு ஓடியாரப் போறாங்க.”

“இதுல இருந்தது எங்க?”

“அதுவா? நம்ம பெனடிக்ட்டுக்குக் குடுத்துட்டேன்.”

மிஞ்சின குழம்பைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன் என்கிற தோரணையில்தான் சொன்னாள். அமிர்தசாமி அப்படியே துண்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். சேசுவே, இவளோடு நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தியவனுக்கு மோட்சத்தில் தனி நாற்காலி போட்டு வைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

அமிர்தசாமி கப்பற்படையில் எலக்ட்ரிக்கல் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். சோவியத் என்று ஒரு நாடு இருந்த காலத்தில், அங்கே கட்டிய போர்க்கப்பல் ஒன்றை எடுத்துவரப் போன கூட்டத்தில் அவரும் ஒருவர். கருங்கடல் துறைமுகத்தில் அவர்களுக்கு ஜெனரேட்டர் பாடம் எடுத்த ஒரு கிழவர், மே மாதத்து வெற்றி நாளன்று கோட்டில் ஒரு மெடலைக் குத்திக்கொண்டு வந்தார். வெள்ளி நங்கூரம், அதன்மேல் யாரோ ஒரு தளபதியின் தலை, நாடாவுக்கு மேலே சின்னஞ்சிறு நங்கூரச் சங்கிலி. என்ன மெடல் என்று கேட்டதற்குக் கிழவர் “உஷாகோவ்” என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு இது. அதற்கப்புறம் நீர்மூழ்கிக்காரர் சின்னம், சிறந்த மாலுமி சின்னம், நாகிமோவ் மெடல் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து பீரோவின் ஒரு தட்டையே பிடித்துக்கொண்டது. எல்லாம் கடற்படையுடையது மட்டும்தான். தரைப்படைக்காரன் மெடலைச் சும்மா கொடுத்தாலும் அவருக்கு வேண்டாம். “மத்த ஆம்பளைங்க குடிக்கிறாங்க, அதாவது தேவலாம், விடிஞ்சா தெளிஞ்சிரும்” என்பாள் சாந்தி மேரி.

உஷாகோவ் மட்டும் கைக்கு அகப்படாமல் ஆட்டம் காட்டியது. இரண்டு முறை வாங்கி இரண்டும் போலி. மூன்றாவதாக வர வேண்டியது, உக்ரைன் சண்டை ஆரம்பித்து தபாலும் பணப் பரிமாற்றமும் நின்றுபோனதில் வழியிலேயே எங்கோ ஒழிந்தது. கடைசியில் சார்ஜாவில் கடை வைத்திருக்கும் லப்பைக்குடிக்காடு ஜக்கரியா பாய்தான், அங்கே குடியேறிய ஒரு ருஷ்யக் குடும்பத்திடமிருந்து வாங்கி, கைப்பையிலேயே கொண்டுவந்தார். அமிர்தசாமி பெரம்பலூர் போய், அங்கிருந்து பஸ் மாறி, அவர் வீட்டு வாசலிலேயே பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தார். எண் லேசான கோணலோடு, கையால் வெட்டியது. சங்கிலியில் ஒரு கண்ணிகூடப் பிசகவில்லை. ஓரத்தில் கறுத்திருந்தது, அந்தக் கறுப்புதான் அதன் உயிர். “இன்ஷா அல்லாஹ், இதோட உங்க தேடல் முடிஞ்சிரும் சார்” என்று பாய் சொன்னபோது அமிர்தசாமி பூதக்கண்ணாடியை இன்னொரு தடவை எண்ணின் மேல் வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் சாந்தி மேரி பிடித்துக்கொண்டாள். கிணற்று மோட்டார் கெட்டுக் கிடக்கிறது, கொல்லைச் சுவர் சாய்ந்து நிற்கிறது, இதில் இரும்புத்துண்டு கேட்கிறதா என்று. அவள் வாயை அடைக்க அவர் ஒரு வேலை செய்தார். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, “இது சும்மா மெடலு இல்லடி. இவரு புனிதரு. ருஷ்யாவுல அவங்க சபையில புனிதர் பட்டம் குடுத்திருக்காங்க. கடல்ல போறவங்களுக்குப் பாதுகாவலரு” என்றார். பொய் இல்லை, உள்ளது உள்ளபடிதான் சொன்னார். செல்போனில் தலையைச் சுற்றி ஒளிவட்டம் போட்ட படத்தையும் காட்டினார். அவள் உடனே சிலுவை போட்டுக்கொண்டு, குழம்பில் இன்னொரு மீன் துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். அப்பாடா, ஒரு வழியாக வாய் அடைபட்டது என்று அவரும் நிம்மதியாகச் சாப்பிட்டார். அந்த மீன் துண்டு இப்போது நெஞ்சில் குத்தியது.

“நீங்கதானே சொன்னீங்க, கடல்ல போறவங்களுக்குன்னு?” என்றாள் சாந்தி மேரி. “எந்தம்பி மவன் சரக்குக் கப்பலேறி கடல்லதானே போறான்? ஞாயித்துக்கிழம வந்திருந்தான். பூசை முடிஞ்சதும் ஃபாதர்கிட்ட குடுத்து மந்திரிச்சு, சாமி சுரூபமாக் கறுப்புக் கயித்துல கோத்துக் கட்டி வுட்டேன். நீங்க பெரம்பலூருக்குப் போயிருந்தீங்க, கண்ணு டாக்டரப் பாக்க.”

“ஃபாதர் என்னான்னு கேக்கலியா?”

“கேட்டாரு. சொன்னேன். அவரும் போன்ல தட்டிப் பாத்தாரு. வட்டம் போட்ட படம் வந்துச்சு. சரின்னு தீர்த்தம் தெளிச்சாரு.”

தீர்த்தம் என்றால் உப்புப் போட்டு மந்திரித்த தண்ணீர். எண்பது வருஷத்து வெள்ளியின் மேல் உப்புத் தண்ணீர். அமிர்தசாமி கண்ணை மூடிக்கொண்டார். மூடிக்கொண்டே கேட்டார். “அதுல நீலமா ஒரு நாடா இருந்துச்சே?”

“ஒரே கறை. பிச்சிட்டேன்.”

“பிச்சி?”

“குப்பை வண்டில போட்டுட்டேன். புதுசா ரிப்பன் வேணும்னா ஜெயங்கொண்டத்துல வாங்கிக்கலாம்.”

“சங்கிலி?”

சாந்தி மேரி இடுப்பிலிருந்து செபமாலையை எடுத்துக் காட்டினாள். போன மாதம் அறுந்துபோன இடத்தில், சோவியத் கப்பற்படையின் நங்கூரச் சங்கிலி பாந்தமாகச் சேர்ந்திருந்தது. வயர் வெட்டும் குறடால் இரண்டு முனையையும் அவளே நெரித்து மாட்டியிருக்கிறாள். வேலை சுத்தமாகத்தான் இருந்தது, அது வேறு வயிற்றெரிச்சல். அமிர்தசாமிக்கு அழுகை வரும்போல இருந்தது, சிரிப்பும் வரும்போல இருந்தது, இரண்டும் வராமல் இருமல் வந்தது.

“அவன் எப்பக் கெளம்புறான்?”

“இன்னைக்குத்தான். அரியலூர்ல ரயிலேறி மெட்ராஸ் போயி, அங்கேருந்து பிளேனு.” சொல்லிவிட்டுத்தான் அவளுக்கு உறைத்தது. “ஏங்க, வாங்கியாரப் போறீங்களா? மந்திரிச்ச சுரூபத்தக் கழுத்துலேருந்து கழட்டச் சொல்லுவீங்களா? அந்தப் புள்ள செங்கடல் பக்கம் போவுதுங்க. கப்பலு மேல குண்டு போடுறானுங்களாம். அவன் ஆத்தா ராத்திரி தூங்கறதில்ல. மனுசனா நீங்க?”

மனுஷன்தான். மனுஷனாக இருப்பதால்தான் வயிறு எரிகிறது. கைலியை மாற்றி வேட்டி சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தார். ஹெல்மெட்டை மறந்து, திரும்பி வந்து எடுத்தபோது, அவள் வாசலில் நின்று செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். பேசியிருந்தாலாவது பதிலுக்குக் கத்தியிருக்கலாம்.

வரதராஜன்பேட்டையிலிருந்து ஜெயங்கொண்டம் வரை ரோடு சுமார். உடையார்பாளையம் தாண்டியதும் சுண்ணாம்புக்கல் லாரிகள் பிடித்துக்கொண்டன. முன்னால் ஒன்று, அதற்கு முன்னால் ஒன்று, ஒவ்வொன்றும் தார்ப்பாய்க்கு அடியிலிருந்து வெள்ளைத் தூசியைக் கொட்டிக்கொண்டே போயின. முந்தலாம் என்று ஒதுங்கினால் எதிரே காலி லாரி காற்றாய் வந்தது. ஹாரன் அடித்தால் முன்னால் போகிறவன் கையை வெளியே நீட்டி, பொறு என்றான். பொறுத்துப் பொறுத்துத்தான் இத்தனை வருஷம் போயிற்று என்று அமிர்தசாமி ஹெல்மெட்டுக்குள்ளேயே கத்தினார். கத்தியதில் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்ததுதான் மிச்சம்.

போகிற வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தார். பெனடிக்ட்டின் அம்மா சுகன்யா மேரி ஏலாக்குறிச்சியிலிருந்து மகனை ரயிலேற்ற ஸ்டேஷனுக்கு வந்திருப்பாள். மச்சான் போய்ச் சேர்ந்த பிறகு, பால்வாடியில் சமைத்துப் போட்டு மகனைப் படிக்க வைத்தவள். ‘தங்கச்சி, அது தப்பான சுரூபம்’ என்று ஆரம்பிக்கலாமா? தப்பான சுரூபம் என்றால் அவள் அங்கேயே மயங்கி விழுவாள். ‘அது மியூசியத்துல வைக்கவேண்டிய பொருளு’ என்றால்? என் பிள்ளையைவிடவா என்பாள். கேட்காவிட்டாலும் அவள் கண் கேட்கும். எப்படித் திருப்பிப் போட்டாலும் கடைசியில் அறுபத்தாறு வயதுக் கிழவன் ஒருவன், கடலுக்குப் போகிற பையனின் கழுத்துக்கு நேரே கையை நீட்டிக்கொண்டு நின்றான். நிற்கட்டும், என்ன இப்போது? நாற்பது வருஷம் அலைந்தது யார்? அவளா, இவளா? வேறு நல்ல மாதா சுரூபம், வெள்ளியிலேயே ஒன்று, வேளாங்கண்ணியிலிருந்து வரவழைத்துக் கொடுத்தால் போகிறது. இன்றைக்கு எப்படிக் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.

அரியலூர் ஸ்டேஷனில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே ஓடினார். பிளாட்பாரத்து பெஞ்சில் இரண்டு பெரிய பைகளுக்கு நடுவே பெனடிக்ட் உட்கார்ந்திருந்தான். சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டிருந்தான், இந்த வெயிலில். பக்கத்தில் அவன் அம்மா. அமிர்தசாமியைக் கண்டதும் அவள் எழுந்து ஓடிவந்தாள்.

“அண்ணே! நீங்களே வந்துட்டீங்களா! இந்த வெயில்ல, இம்மாந் தூரம்!” அவள் கண் அப்போதே நிறைந்துவிட்டது. “அக்கா சொல்லுச்சுண்ணே. எத்தன வருசமாத் தேடி, வெளிநாட்டுலேருந்து வரவழச்சு எம்புள்ளைக்குன்னு வாங்குனீங்களாமே. அவங்கப்பா இருந்திருந்தாக்கூட இப்படிச் செஞ்சிருக்க மாட்டாரு. அது இவன் கழுத்துல ஏறுன அன்னைக்குத்தான் நான் நல்லாத் தூங்குனேன்.”

அடிப் பாவி மேரி! எம்புள்ளைக்குன்னு வாங்குனதா? லாரிகளுக்குப் பின்னால் அத்தனை தூரம் தயார் செய்துகொண்டு வந்த வார்த்தைகள் எல்லாம் ஒரே அடியில் செத்துப்போயின. அமிர்தசாமி தலையை ஆட்டினார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கே தெரியவில்லை. சுகன்யா மேரி அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டாள்.

“ம்மா, தண்ணி பாட்டில் வாங்கிட்டு வா. ரெண்டு. கூலிங் இல்லாம” என்றான் பெனடிக்ட். அவள் அந்தப் பக்கம் நகர்ந்ததும் அமிர்தசாமியின் முழங்கையைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனான். “மாமா, நல்ல வேள வந்தீங்க. உங்களுக்கு எப்படி போன் பண்றதுன்னு யோசிச்சிக்கிட்டே இருந்தேன். இத எடுத்துக்கோங்க.”

பொத்தானைக் கழற்றிக் கறுப்புக் கயிற்றைத் தலை வழியாக உருவினான். உஷாகோவ் அமிர்தசாமியின் உள்ளங்கையில் வந்து விழுந்தது, பையனின் உடம்புச் சூட்டோடு.

“எங்க கப்பல்ல கேப்டன் உக்ரைன்காரரு மாமா. ரெண்டாவது இன்ஜினியரும் உக்ரைன்தான். அவரு தம்பி போன வருசம் சண்டைல செத்துட்டான். நான் ருஷ்யக்காரங்க மெடல மாட்டிக்கிட்டுப் போயி, அவரு முன்னாடி சட்டையக் கழட்டி வேல செய்யணுமா? நான் கூகுள்ல பாத்துட்டேன், இது என்னன்னு. அத்தகிட்ட சொன்னேன், அதெல்லாம் சாமிக்குத் தெரியும்னுட்டாங்க. அம்மாகிட்ட சொல்லவே முடியல.”

“அப்ப என்னடா பண்றதா இருந்த?”

“பெண்ணாடத்துக்கு முன்னாடி வெள்ளாறு வரும்ல? பாலத்துலேருந்து போட்டுடலாம்னு இருந்தேன்.”

வெள்ளாற்று மணலில்! நாற்பது வருஷத்துத் தேடல், சார்ஜா வந்து, லப்பைக்குடிக்காடு வந்து, வெள்ளாற்று மணலில்! முட்டாள் பயலே என்று வாயைத் திறந்தவர், பையனின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். கயிறு இருந்த இடத்தில் கழுத்தைச் சுற்றி வேர்வைக் கோடு ஒன்று இருந்தது. அதை அவன் கையால் தேய்த்துத் தேய்த்துத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“வேற மாதா சுரூபம் ஏதாவது மாட்டிக்கயேன்” என்றார் தணிந்த குரலில்.

“இன்ஜின் ரூம்ல கழுத்துல எதுவுமே போடக்கூடாது மாமா. உங்களுக்குத் தெரியாததா? சுத்துற மெஷின்ல மாட்டுனா தலையே போயிடும்.” சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு முழுசாக வரவில்லை. “போன தடவ எங்களுக்கு முன்னாடி போன கப்பல்ல குண்டு வுழுந்துச்சு மாமா. நாங்க பாத்துக்கிட்டே நின்னோம். அம்மாவுக்குத் தெரியாது. அது பாட்டுக்கு, சுரூபம் கழுத்துல இருக்குன்னு நெனச்சிட்டு இருக்கட்டும். நீங்க சொல்லிடாதீங்க.”

ரயில் வருவதாக ஒலிபெருக்கி அறிவித்தது. சுகன்யா மேரி தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தாள். அமிர்தசாமி மெடலைச் சட்டைப் பையில் போடப் போனவர் நிறுத்திக்கொண்டார். மெல்லிசு வெள்ளைச் சட்டை. கறுப்புக் கயிறும் நங்கூரமும் அப்படியே வெளியே தெரியும். வேட்டிக்குப் பை கிடையாது. கயிற்றைச் சுருட்டி மெடலோடு சேர்த்து வலது கைக்குள் வைத்து மூடிக்கொண்டார். இன்னொரு கையால் பையைத் தூக்கிப் பெட்டியில் ஏற்றினார். “அண்ணே, ரெண்டு கையாலயும் புடிங்க, கனம்” என்றாள் அவள். “பரவால்ல, பரவால்ல” என்றார். பெனடிக்ட் வாசற்படியில் நின்று இருவரையும் பார்த்தான். மேல் பொத்தானை மறுபடியும் போட்டிருந்தான். வண்டி நகர்ந்தது.

கடைசிப் பெட்டி சிக்னலைத் தாண்டுவதற்குள் சுகன்யா மேரி போனை எடுத்துவிட்டாள். வீடியோ கால். பையனின் முகம் ஆடிக்கொண்டே வந்தது.

“சாமி, உக்காந்துட்டியா? சன்னலோர சீட்டா? சுரூபத்தக் காட்டுடா ஒரு தடவ. பாத்துக்கிறேன்.”

“உள்ள இருக்கும்மா. எல்லாரும் பாக்கறாங்க.”

“பாத்தா என்ன? சாமியதானே காட்டச் சொல்றேன். காட்டு.”

திரையில் பெனடிக்ட்டின் கை காலரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றது. அவன் கண் அம்மாவை விட்டு, அவள் தோளுக்குப் பின்னால் தெரிந்த அமிர்தசாமியின் முகத்துக்கு வந்தது.

“மாமாவக் கேளும்மா” என்றான். “மாமாதான் இப்ப அவுந்துபோனத திரும்பக் கட்டி வுட்டாரு. அவரக் கேளு.”

சுகன்யா மேரி போனோடு திரும்பினாள். கண்ணைக்கூடத் துடைக்காமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்னை எதற்கடா இதில் இழுக்கிறாய் என்று அமிர்தசாமிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பையன் மேலும் வந்தது, வீட்டில் செபமாலை உருட்டுகிறவள் மேலும் வந்தது, செத்து இருநூறு வருஷம் ஆன தளபதிக்குப் போய்ப் புனிதர் பட்டம் கொடுத்தவர்கள் மேலும் வந்தது. நாடாவும் சங்கிலியும் இல்லாமல் இனி அந்தக் குழுவில் படம் போட முடியாது. பீரோவில் வைத்தால் மேரி பார்ப்பாள். எங்கே வைத்தாலும், இவன் கப்பல் ஒவ்வொரு தடவை செங்கடலுக்குள் நுழையும்போதும் தூக்கம் கெடப்போவது இவருக்குத்தான். உள்ளதைச் சொல்லித் தொலைத்தால் என்ன? ஒரு வார்த்தைதானே?

“இருக்கு தங்கச்சி” என்றார். “நல்லா இறுக்கமாத்தான் கட்டியிருக்கேன். அவுராது.”

திரையில் முகம் சிதறி, நின்று, அணைந்தது. சுகன்யா மேரி போனை மடியில் செருகிக்கொண்டாள். சட்டென்று அவர் பக்கம் திரும்பி, “இந்தக் கையாலதானேண்ணே கட்டுனீங்க” என்று சொல்லிக்கொண்டே அவருடைய வலது கையைப் பிடித்துத் தூக்கினாள். அமிர்தசாமி விரல்களை இறுக்கினார். நங்கூரத்தின் முனை உள்ளங்கையில் ஏறியது. மூடிய அந்த முஷ்டியை அவள் இரண்டு கையாலும் ஏந்தி, முதலில் ஒரு கண்ணிலும் பிறகு மறு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். கையை விடவில்லை.